கோஸ்டாரிகா மழைக்காட்டில் இன்டர்ன்ஷிப்: இரண்டரை லட்சம் கட்டலாமா?

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். பி.எஸ்சி. தாவரவியல், மூன்றாம் ஆண்டு. கோஸ்டாரிகாவில் ஆறு வார ‘மழைக்காட்டுப் பாதுகாப்பு இன்டர்ன்ஷிப்’புக்கு விண்ணப்பித்திருக்கிறாள், இரண்டே நாளில் ‘வாழ்த்துகள், தேர்வாகிவிட்டீர்கள்’ என்று மின்னஞ்சல் வந்துவிட்டது. கட்டணம் இரண்டரை லட்சம் ரூபாய், விமான டிக்கெட் தனி. அப்பா நகையை அடகு வைக்கத் தயார். ‘கட்டலாமா அக்கா? இல்லை, வெளிநாட்டுக் காட்டில் வேலை கற்றுக்கொள்ள வேறு வழி இருக்கிறதா?’ என்பது கேள்வி.

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், நீ என்றே எழுதுகிறேன். கட்டாதே. வெளிநாட்டுக் காட்டுக்கே போகாதே என்று நான் சொல்லவில்லை. நானே இரண்டு முறை போனவள்தான். முதல் முறை உன்னைப் போலப் பணம் கட்டிப் போனேன். இரண்டாம் முறை சோறும் படுக்கையும் கொடுத்து வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னாலே உன் கேள்விக்கு முக்கால்வாசி பதில் வந்துவிடும்.

முதல் பயணம் இளங்கலை முடித்த கையோடு. ஒரு ஏஜென்சி, பெயர் வேண்டாம். அம்மாவின் இரண்டு வளையல் கூட்டுறவு வங்கிக்குப் போனது. தென்னமெரிக்காவில் ஒரு காட்டோரம், மூன்று வாரம், மரக்கன்று நடும் வேலை. மூன்றாம் நாள் குழி வெட்டும்போது மண்வெட்டியில் கறுப்பு பாலித்தீன் பை ஒன்று சிக்கியது. முந்தைய குழு பையைக்கூடப் பிரிக்காமல் நட்ட கன்று. பக்கத்துக் குழியிலும் அதே பை. நட்ட பிறகு களை எடுக்க, காய்ந்ததை மாற்ற ஒரு ஆள்கூடக் கிடையாது. யோசித்துப் பார், அடுத்த குழு வரும்போது நடுவதற்கு இடம் வேண்டுமே! கன்று செத்தால்தான் அந்தத் தொழில் ஓடும். நடவு நட்டுவிட்டு அறுப்பு வரை வயல் பக்கமே எட்டிப் பார்க்காதவனை நம் ஊரில் என்ன சொல்வார்கள்? அங்கே அதற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். இன்னமும் பரணில் கிடக்கிறது.

அன்றிலிருந்து எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன். நான் போகாவிட்டாலும் இந்த வேலை நடக்குமா? நடக்கும் என்றால் அது நிஜமான வேலை. அதில் ஒரு ஓரத்தில் நமக்கு இடம் கிடைத்தால் பாக்கியம். நான் பணம் கட்டியதால்தான் இந்த வேலையே உண்டானது என்றால் அது சுற்றுலா. சுற்றுலா போவது தப்பில்லை. ஆனால் அதற்கு யாரும் நகையை வைக்க மாட்டார்கள்.

நிஜமான வேலை எப்படி இருக்கும் என்பதற்கு பனாமாவில் பாரோ கொலராடோ என்று ஒரு தீவு இருக்கிறது. பனாமா கால்வாய்க்காக 1910-களில் சாக்ரெஸ் ஆற்றை அணை கட்டி மறித்தபோது, தாழ்வான காடு முழுகி ஒரு குன்றின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது. மேட்டூர் அணைக்குள் முழுகிய ஊர்களையும், தண்ணீர் வற்றினால் வெளியே தெரியும் கோயிலையும் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத கதையில்லை. 1923 முதல் அந்தத் தீவு பாதுகாக்கப்பட்ட ஆய்வுக்காடு. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. அங்கே 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து ஒதுக்கி, நெஞ்சு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேல் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் தகடு கட்டி, 1980-களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் அளக்கிறார்கள். நீ போனாலும் போகாவிட்டாலும் அந்த நாடா மரத்தைச் சுற்றத்தான் போகிறது. அப்படிப்பட்ட இடத்தில் உன்னை ஏன் எடுக்க வேண்டும் என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் கேள்வியே கேட்காத ஏஜென்சிக்குப் பணம் கட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் கட்டினேன்.

கோஸ்டாரிகா மேல் குறை சொல்லவில்லை. வெப்பமண்டலக் காட்டியலில் பேர்போன நாடு. அங்கே லா செல்வா ஆய்வு நிலையத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; நம் டெல்டாவில் சுமார் 1,000. அதை நடத்தும் வெப்பமண்டல ஆய்வுகளுக்கான அமைப்பு 1963-ல் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கியது. 1980-களில் நாட்டின் கால்வாசி அளவுக்குச் சுருங்கியிருந்த காடு இன்று பாதிக்கு மேல் மீண்டிருக்கிறது. எப்படி? வெளிநாட்டு மாணவர்கள் நட்ட கன்றுகளால் அல்ல. மாட்டுப் பண்ணைத் தொழில் நொடித்ததும் ஒரு காரணம். 1996-ல் வந்த வனச்சட்டம் காட்டை அழித்து வேறு நிலமாக்குவதைத் தடை செய்தது; எரிபொருள் வரியிலிருந்து ஒரு பங்கை எடுத்து, காட்டைக் காட்டாகவே வைத்திருக்கும் நில உரிமையாளர்களுக்குப் பணமாகக் கொடுத்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு போகிறவள் அங்கே நல்ல கேள்விகள் கேட்பாள்.

இன்னொன்று, விளம்பரப் படத்தில் யாராவது குரங்குக் குட்டியையோ தேவாங்கையோ ஒராங்குட்டானையோ மடியில் வைத்திருந்தால் அந்தப் பக்கத்தை அப்போதே மூடிவிடு. மனிதர்களின் சளி, காய்ச்சல் வாலில்லாக் குரங்குகளுக்குத் தொற்றும். அதனால்தான் ஒழுங்கான மையங்களில் முகக்கவசமும் பல மீட்டர் இடைவெளியும் கட்டாயம்.

சரி, வேறு வழிகள். முதலாவது களப்படிப்பு. நான்கு வாரம், ஆறு வாரம் காட்டிலேயே தங்கவைத்து ஆய்வு முறைகளைக் கற்றுக்கொடுப்பார்கள். கட்டணம் உண்டு, உதவித்தொகையும் உண்டு. கோஸ்டாரிகாவில் மேலே சொன்ன அமைப்பு நடத்துகிறது. கேம்பிரிட்ஜை மையமாகக் கொண்ட டிராபிகல் பயாலஜி அசோசியேஷன் ஆப்பிரிக்காவிலும் போர்னியோவிலும் நடத்தி வந்திருக்கிறது. சீனாவில் யுன்னான் மாகாணத்து சிஷுவாங்பன்னா வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவும் ஆசிய மாணவர்களைச் சேர்த்து நடத்தியிருக்கிறது. இரண்டாவது, ஸ்மித்சோனியன் போன்ற நிறுவனங்கள் நேரடியாக எடுக்கும் இன்டர்ன்ஷிப். மூன்றாவது, என் கணக்கில் இதுதான் சிறந்தது: ஒரு ஆராய்ச்சியாளரின் திட்டத்தில் கள உதவியாளராகப் போவது. சம்பளம் பெரும்பாலும் இருக்காது அல்லது பெயருக்கு இருக்கும். ஆனால் நீ எடுக்கும் ஒவ்வொரு அளவும் யாரோ ஒருவரின் ஆய்வில் போய்ச் சேரும், தப்பு செய்தால் திட்டு விழும். திட்டு விழுகிற இடத்தில்தான் வேலை கற்க முடியும்.

நான் இரண்டாம் முறை போனது அப்படித்தான். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுகலை முடித்த பிறகு, போர்னியோ தீவில், மலேசியாவைச் சேர்ந்த சபா மாநிலத்து டானும் பள்ளத்தாக்கில் நான்கு மாதம். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில், வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஒரு கல்லூரியில் காட்டைப் பற்றிப் படிக்கலாம் என்பதே நம் ஊரில் பலருக்குத் தெரியாது. அங்கே படித்தவர்களை இந்தியாவின் பல புலிகள் காப்பகங்களில் பார்த்திருக்கிறேன். முதுகலைக்கு அதையும் மனதில் வை.

டானும் 438 சதுர கிலோமீட்டர் வெட்டுப்படாத காடு. ஆய்வு நிலையம் 1986 முதல் இயங்குகிறது. நம் பக்கத்திலிருந்து போவதற்கு அமெரிக்கக் கண்டத்தைவிட இது எவ்வளவோ சுலபம்: திருச்சியில் ஏறினால் கோலாலம்பூர், அங்கிருந்து உள்நாட்டு விமானம், பிறகு லஹாட் டாத்து ஊரிலிருந்து ஜீப். அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு மரத்தை 2019 தொடக்கத்தில் உள்ளூர் மரமேறி ஒருவர் உச்சி வரை ஏறி நாடா போட்டு அளந்தார். 100.8 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அந்த மரம் குங்கிலியம் தரும் மரங்களின் குடும்பம். போர்னியோ காடே பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் ராஜ்ஜியம்தான்.

அந்த மரங்களின் விதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், டெல்டாக்காரிக்கு ஆச்சரியமாக இருக்கும். விதைநெல்லைக் காயவைத்துக் கோட்டை கட்டி அடுத்த பட்டத்துக்கு எடுத்துவைக்கிறோம். உன் ஊர்ப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் தொடங்கிய திருவிழாவில் பாரம்பரிய நெல்லை இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த ஆண்டு நான்கு கிலோ திருப்பித் தருவதெல்லாம் விதை காய்ந்தும் உயிரோடு இருப்பதால்தானே நடக்கிறது? குங்கிலியக் குடும்ப விதை காய்ந்தால் செத்தது. விழுந்த சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் முளைத்தாக வேண்டும், சேமிக்க முடியாது. அதிலும் அந்த மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, பெரும்பாலும் எல் நினோ வறட்சியை ஒட்டி, காடு முழுவதும் சேர்ந்தாற்போல் பூக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் விதைக்கு எங்கே போவது? காட்டில் தானாக முளைத்த கன்றுகளைப் பக்குவமாகப் பிடுங்கி வந்து நாற்றங்காலில் தேற்றுவார்கள். மரம் வெட்டப்பட்டுச் சிதைந்த பக்கத்துக் காட்டில் 1990-களிலிருந்து இப்படி நட்டு, கொடி வெட்டி, களையெடுத்துப் பராமரித்தார்கள். சும்மா விட்ட காட்டைவிட அப்படிப் பார்த்துக்கொண்ட காடு சுமார் 50 சதவீதம் வேகமாகக் கரிமத்தைச் சேர்த்துக்கொண்டதாக 2020-ல் ஆய்வு வெளியானது. நட்டதோடு விடாமல் திரும்பத் திரும்பப் போனதன் பலன் அது.

என் வேலை என்ன? கன்றுகளின் உயரம் அளப்பது, இலை எண்ணுவது, மரத்தின் சுற்றளவு எடுப்பது. 1.3 மீட்டர் உயரத்தில் நாடா போட வேண்டும் என்று புத்தகத்தில் படித்துவிட்டுப் போயிருந்தேன். முதல் மரத்திலேயே என் தலைக்கு மேல் வரை பலகை பலகையாக விரிந்த வேர். அதன் மேலேயே நாடாவைச் சுற்றினால் மரம் இரண்டு மடங்கு பருமனாகக் கணக்கில் ஏறும்; வேர்ப்பலகை முடியும் இடத்துக்கு அரை மீட்டர் மேலே, ஏணி வைத்து அளக்க வேண்டும். நான் தப்பாக எழுதிய மூன்று மரங்களைக் கூட வந்த உள்ளூர் உதவியாளர் மறுநாள் சத்தமில்லாமல் திரும்ப அளந்து திருத்திவைத்திருந்தார். பட்டையைக் கத்தியால் லேசாகக் கீறி மோந்து பார்த்தே மரத்தின் பெயர் சொல்வார் அவர். என் முதுகலைப் பட்டம் அவர் மூக்குக்கு முன்னால் ஒன்றுமில்லை.

மலாய் மொழி தெரியாதே என்று பயந்தேன். கடைக்குக் கெடாய், பெட்டிக்குப் பெத்தி, கட்டிலுக்குக் காத்தில், கப்பலுக்குக் கப்பால். பாதி நம் வீட்டுச் சொல். கோஸ்டாரிகா, பெரு என்றால் ஸ்பானிய மொழி அடிப்படையாவது வேண்டும். இல்லையென்றால் வெளிநாட்டு மாணவர்களோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்பி வருவாய். சோற்றுக்குக் கவலையில்லை, கோஸ்டாரிகாவிலும் காலையிலேயே சோறும் பயறும்தான்.

இப்போது முக்கியமான கேள்வி: உன்னை ஏன் எடுப்பார்கள்? இதற்கான பதிலை நீ இங்கேயே உண்டாக்கலாம், அதுவும் பஸ் டிக்கெட் செலவில். கோடியக்கரை உன் ஊரிலிருந்து பஸ்ஸில் எட்டிவிடும் தூரம். 1967-லிருந்து சரணாலயம், 2002-லிருந்து ராம்சார் ஈரநிலம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ளதென்று அறிவிக்கப்பட்ட ஈரநிலம். வெளிமானைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதே. அங்கே இருப்பது உலர் பசுமைமாறாக் காடு, பாலை மரங்கள் நிற்கும் அரிய வகை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பறவைகளுக்கு வளையம் போட்டு வலசையை ஆராயும் மையமும் அங்கே இருக்கிறது. இன்னொரு பக்கம் முத்துப்பேட்டை அலையாத்திக்காடு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியபோது இந்தக் காடுகள் பட்ட பாடு உனக்கே தெரியும். விழுந்த இடத்தில் எது முளைத்து வருகிறது, எங்கே சீமைக்கருவை புகுந்துவிட்டது என்று வனத்துறை அனுமதியோடு பத்துக்குப் பத்து மீட்டர் கட்டம் போட்டு இரண்டு ஆண்டு பதிவு செய். ஆராய்ச்சியாளர் கண்ணில் அது ஆறு வாரச் சான்றிதழைவிடப் பத்து மடங்கு பெறும். அனுமதியும் ஆகவில்லை, பஸ்ஸுக்கும் காசில்லை என்றால் உன் கல்லூரி வளாகத்தில் பத்து மரத்தைத் தேர்ந்தெடுத்து வாராவாரம் தளிர், பூ, காய் பார்த்து, மரங்களின் பருவ மாற்றத்தைப் பொதுமக்களே பதிவு செய்யும் சீசன்வாட்ச் திட்டத்தில் ஏற்று. ஒரு வாரமும் விடாமல் ஓர் ஆண்டு. சொல்லச் சுலபம், செய்தவர்கள் கொஞ்சம்.

மரம் அடையாளம் காணப் பழக நம் பக்கக் கோயில்களின் தலவிருட்சங்களும் நல்ல பாடம். சிதம்பரத்துத் தில்லை ஓர் அலையாத்தி மரம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? இலையை மட்டும் பார்க்காமல் பட்டை, பால், வாசனை என்று பழகு. காட்டில் இலை முப்பது மீட்டர் உயரத்தில் இருக்கும், கையில் கிடைப்பது பட்டைதான். புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைத் தாவரங்களின் பெரிய உலர்தாவரச் சேகரிப்பு இருக்கிறது. குடகில் உப்பங்களா என்ற இடத்தில் 1990 வாக்கிலிருந்து மழைக்காட்டு மரங்களைத் தொடர்ந்து அளந்தும் வருகிறார்கள். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வா.

அப்புறம், நம் மழைக்காடு. அதைப் பார்க்காமல் கடல் தாண்டாதே. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டாகிப் போன காடுகளை நாட்டு மரங்களை நட்டு மீட்டு வருகிறது. உண்ணிச்செடியை வெட்டி, கன்று நட்டு, அடுத்த இரண்டு மூன்று ஆண்டு களை எடுக்கிறார்கள். சோலைமந்தியும் இருவாச்சியும் அந்தத் துண்டுகளில்தான் வாழ்கின்றன. கர்நாடகத்தில் ஆகும்பே மழைக்காட்டு ஆய்வு நிலையம் இருக்கிறது. இந்த மாதிரி ஒரு இடத்தில் ஒரு மழைக்காலம் தாக்குப்பிடித்துவிட்டால் போர்னியோ அட்டை உன்னை ஒன்றும் செய்யாது. வயல் அட்டை தண்ணீரில் கிடக்கும். காட்டு அட்டை இலை நுனியில் எழுந்து நின்று உன் வாசனைக்குக் காத்திருக்கும். போர்னியோவில் புலியட்டை என்று வரிபோட்ட ஒரு வகை, இடுப்பு உயரச் செடியில் உட்காரும், கடித்தால் சுரீர் என்று தெரியும். முழங்கால் வரை அடர்த்தியான துணிக் காலுறை தைத்துக்கொள். அட்டையைவிடப் பெரிய தொல்லை ஈரம்: துணி காயாது, காலிடுக்கில் சேற்றுப்புண் வரும், கேமரா லென்ஸில் பூஞ்சை படரும்.

விண்ணப்பக் கடிதத்தில் ‘சிறு வயது முதலே இயற்கை மீது எனக்கு ஆர்வம்’ என்று தொடங்காதே. அந்த வரியோடு அவர்களுக்கு நூறு கடிதம் வருகிறது. நீ கடைமடைக்காரி. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று ஊரே காத்திருப்பதும், திறந்த தண்ணீர் உன் வாய்க்காலுக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகிறது என்பதும் உனக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு குடகிலும் வயநாட்டிலும் மழைக்காட்டு மலைகளில் விழுந்த மழை. மேலே காடு போனால் கீழே என்ன ஆகும் என்பதை வாய்க்காலின் கடைசி முனையிலிருந்து எழுதக்கூடியவர்கள் அவர்களுக்கு அதிகம் கிடைக்க மாட்டார்கள். அதோடு அந்த ஆராய்ச்சியாளரின் ஒரு கட்டுரையையாவது முழுக்கப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேள். பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு பேர் பதில் போடுவார்கள். எனக்குப் பதினான்காவது கடிதத்துக்குத்தான் பதில் வந்தது. ‘ஆர்’ என்ற புள்ளியியல் நிரல்மொழியும் கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளும் இலவசம், இரண்டிலும் அடிப்படையைக் கற்றுவை. நீச்சலும் தெரிந்தால் நல்லது.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாஸ்போர்ட்டுக்குத் தஞ்சாவூரிலேயே சேவா மையம் இருக்கிறது, இப்போதே எடு. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யலாம் என்று யார் சொன்னாலும் அந்தந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்காமல் நம்பாதே. பல நாடுகளில் சம்பளமில்லாத வேலைக்கும் தனி விசா வேண்டும். ஆய்வுக்கு அனுமதி வேறு விஷயம்: சபாவில் பல்லுயிர் மையத்தின் உரிமம், இந்தோனேசியாவில் வெளிநாட்டவருக்கான ஆய்வு அனுமதி. அது திட்டத் தலைவரின் பொறுப்பு, ஆனால் அதில் உன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது உன் பொறுப்பு. ஓர் இலையைக்கூட ஞாபகார்த்தமாகப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதே. அமெரிக்கா வழியாக விமானம் மாறினால் விமான நிலையத்தைவிட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். மலிவு டிக்கெட் என்று எடுத்துவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும். பெரு, பிரேசில், பனாமா மாதிரி மஞ்சள் காய்ச்சல் நாடுகளுக்குப் போனால், பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுவார்கள், சான்று ஆயுளுக்கும் செல்லும். அது இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். காப்பீடு எடுக்கும்போது, காட்டிலிருந்து மருத்துவமனைக்குத் தூக்கிவரும் செலவும் அதில் சேருமா என்று பார். காலில் பாம்பு கடித்தால் அந்த ஒரு வரிதான் முக்கியம்.

உனக்கு வந்த மின்னஞ்சலைக் குப்பையில் போட வேண்டாம், பதில் எழுது. சென்ற ஆண்டு நட்ட கன்றுகளில் எத்தனை இன்று உயிரோடு இருக்கின்றன, அந்தக் கணக்கைப் பார்க்கலாமா? ஆண்டு முழுவதும் சம்பளத்துக்கு வேலை செய்யும் உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர்? என் இரண்டரை லட்சத்தில் காட்டுக்கு எவ்வளவு, அலுவலகத்துக்கு எவ்வளவு? எனக்கு முன் வந்த இந்திய மாணவர் ஒருவரோடு பேச முடியுமா? கணக்கோடு பதில் வந்தால் எனக்கும் அனுப்பு, சேர்ந்து பார்க்கலாம். அதற்குப் பதிலாக ‘இடங்கள் வேகமாக நிரம்புகின்றன, இந்த வாரம் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி’ என்று வந்தால் அப்பாவிடம் சொல்லி நகையைப் பீரோவிலேயே வைக்கச் சொல்.